ஐ10க்கு எந்த டயர் வாங்கலாம்? வட சென்னை ரோட்டில் ஓட்டுகிறவளின் பதில்

கேள்வி: 2013 மாடல் ஹூண்டாய் ஐ10 கார் வைத்திருக்கிறேன், தண்டையார்பேட்டையில் வீடு. மாதம் ஐநூறு கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். நான்கு டயரையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். எந்தக் கம்பெனி வாங்கலாம்? அலாய் வீலோடு பெரிய டயர் போடலாமா? இப்போதைக்கு இரண்டு மட்டும் மாற்றினால் போதுமா?

என்னுடையதும் ஐ10தான், 2012 மாடல். காலடிப்பேட்டையில் வீடு, ராஜாஜி சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. நீங்கள் ஓட்டுகிற அதே திருவொற்றியூர் ஹை ரோட்டில்தான் இத்தனை வருடமாக நானும் டயர் தேய்க்கிறேன். தேய்க்கிறேன் என்று பேச்சுக்குச் சொல்கிறேனே தவிர, இதுவரை நான் கழற்றிய டயர்களில் ஒன்றுகூடத் தேய்ந்து போனதால் கழற்றியது இல்லை. இரண்டில் பக்கவாட்டுப் புடைப்பு. ஒன்றில் பென்சில் பருமனுக்கு ஓட்டை. மற்றதெல்லாம் வெயிலில் நின்று நின்று வெடிப்பு விட்டவை.

டயர் கடைக்குள் போனதும் முதலில் கேட்பது "எவ்வளவு கிலோமீட்டர் வரும்?" என்பதுதான். கடைக்காரரும் அதற்குத் தயாராக ஒரு பதில் வைத்திருப்பார். ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை வரும் என்று விளம்பரம் செய்கிற டயர்கூட உண்டு, சியட் மைலேஸ் எக்ஸ்3. டாக்சி ஓட்டுகிறவருக்கு அது நல்ல கணக்கு. ஜே.கே. டயரில் ஒரு ரகத்துக்குப் பெயரே டாக்சி மேக்ஸ். ஆனால் நீங்கள் வருடத்துக்கு ஆறாயிரம் ஓட்டுகிறவர். ஒரு லட்சத்தை எட்ட உங்களுக்குப் பதினாறு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ரப்பர் காய்ந்து அப்பளமாகிவிடும். அதிகம் உழைக்க வேண்டும் என்று செய்கிற ரப்பர் பொதுவாகக் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். கெட்டி ரப்பருக்கு ஈரத் தரையில் பிடிப்பு குறைவு. நீங்கள் ஓட்டவே போகாத கிலோமீட்டருக்காக ஐப்பசி மழையில் பிரேக் பிடிக்கும்போது விலை கொடுப்பீர்கள். அதனால் உங்களுக்கு என் முதல் சிபாரிசு: "லைஃப்" என்று பெயரிலேயே அடித்துச் சொல்கிற ரகங்களை விட்டுவிட்டு, அதே கம்பெனியில் ஈரப் பிடிப்புக்கும் சொகுசுக்கும் என்று செய்கிற ரகத்தைக் கேளுங்கள்.

கம்பெனி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வியே எழாது. 1946இல் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் பொம்மை பலூன் செய்து ஆரம்பித்து, பிறகு மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரியாகி, எம்.ஆர்.எஃப். ஆன கம்பெனி. அங்கே ஷிப்டுக்குப் போன மாமாவோ சித்தப்பாவோ தெருவுக்கு ஒருவராவது இருப்பார். வேறு டயர் போட்டால் கல்யாண வீட்டில் விசாரணை நடக்கும். நானும் கடைசியாகப் போட்டது எம்.ஆர்.எஃப். இசட்.வி.டி.வி.தான். ஊர்ப் பாசம் பாதி, கைக்குப் புதிய தேதியில் கிடைத்தது பாதி. அப்போலோ, பிரிட்ஜ்ஸ்டோன், குட்இயர், யோகோஹாமா என்று எதைப் போட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது. நம் சைஸில் இவர்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தைவிட, மூன்று மாதத்து டயருக்கும் மூன்று வருடத்து டயருக்கும் இருக்கும் வித்தியாசம் பெரிது.

அந்தத் தேதியை எப்படிப் பார்ப்பது? டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதன் கடைசியில் நான்கு இலக்கம். 3225 என்றால் 2025ஆம் வருடத்தின் 32ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட். சில டயர்களில் இந்த இலக்கம் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டிவிட்டால் காருக்கு அடியில் படுத்தால்தான் தெரியும். எனக்கு நடந்ததும் அதுதான். 2019இல் ஒரு கடையில் பின்பக்கத்துக்கு இரண்டு வாங்கினேன். பளபளவென்று இருந்தன. எட்டு மாதம் கழித்து ஒரு பஞ்சருக்காகக் கழற்றிய எங்கள் தெருமுனை பஞ்சர் கடைத் தம்பி, "இன்னாக்கா, பழசைப் புதுசுன்னு தள்ளிட்டாங்களா?" என்றார். 2015இல் செய்தது. நான்கு வருடம் ஏதோ ஒரு குடோனில் கிடந்திருக்கிறது. பில்லை எடுத்துக்கொண்டு போனேன். "தேதி போட்டா மேடம் டயர் ஓடுது?" என்றார் கடைக்காரர். பெண் வந்து கேட்டால் அந்தப் பதில் போதும் என்று நினைத்திருப்பார். அன்றைக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது. எனக்கு வேறு பேசத் தெரியவில்லை.

இப்போது தெரியும். பணம் கொடுப்பதற்கு முன்னால், ரிம்மில் ஏற்றுவதற்கு முன்னால், நான்கையும் தரையில் உருட்டச் சொல்லி இலக்கத்தைப் போட்டோ எடுத்துவிடுவேன். ஆறு மாதத்துக்குள் என்றால் சந்தோஷம், ஒரு வருடம் வரை பரவாயில்லை, அதற்கு மேல் வேண்டாம். போனிலேயே "என்ன வாரம் இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம். பதில் சொல்லத் தயங்குகிற கடையைத் தாண்டிப் போய்விடுங்கள்.

சைஸ் பற்றி. உங்கள் வண்டியில் 155/80 ஆர்13 இருக்கும். 155 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, அதாவது 124 மி.மீ. 13 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பக்கத்திலேயே 79டி என்று இருக்கும்: ஒரு டயர் 437 கிலோ தாங்கும், 190 கி.மீ. வேகம் வரை போகலாம் என்று அர்த்தம். வேகம் கிடக்கட்டும், எண்ணூர் நெடுஞ்சாலையில் நாற்பதைத் தொட்டால் அன்றைக்கு லீவு நாள். ஆனால் அந்த 79க்குக் கீழே எதையும் வாங்காதீர்கள்.

அலாய் ஆசை எனக்குப் புரிகிறது, எனக்கும் இருந்தது. வழக்கமாகக் கடையில் சொல்வது 14 அங்குல அலாயில் 165/65. மொத்த உயரம் கிட்டத்தட்ட அதேதான், 578 மி.மீ. இருந்தது 570 ஆகும். ஸ்பீடோமீட்டர் ஒன்றும் பெரிதாகப் பொய் சொல்லாது. இழப்பது வேறு இடத்தில். பக்கச் சுவர் 124இலிருந்து 107 ஆகிவிடும். அந்தப் பதினேழு மில்லிமீட்டர்தான் குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கிற மெத்தை. டிரெய்லர்கள் ஏறி ஏறி உடைத்த ரோட்டில், மழைத் தண்ணீர் மூடிய குழியில் சக்கரம் இறங்கும்போது, ரப்பர் இரண்டுக்கும் நடுவில் நசுங்கி உள்ளே இருக்கும் நூல் அறுந்துவிடும். மறுநாள் காலையில் பார்த்தால் டயரின் விலாவில் கொழுக்கட்டை மாதிரி ஒரு புடைப்பு. அதற்கு வைத்தியம் கிடையாது, டயரை மாற்றத்தான் வேண்டும். 124 இருக்கும்போதே எனக்கு இரண்டு போனது. நல்ல ரோட்டில் ஓட்டுகிற ஓ.எம்.ஆர்.காரர்கள் போட்டுக்கொள்ளட்டும். 13 அங்குல இரும்பு ரிம்மிலேயே கொஞ்சம் அகலம் வேண்டும் என்றால் 175/70 ஆர்13 உயரத்தில் அப்படியே பொருந்தும். ரிம் அகலம் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும், பெட்ரோலும் கொஞ்சம் கூடக் குடிக்கும். எனக்குத் தேவைப்படவில்லை.

அடுத்தது பஞ்சர். அது நம் ஊர் சமாச்சாரம், கொஞ்சம் அதிகம் பேசுவேன். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னரின் கதவில் போல்ட் சீல் என்று ஒன்று பூட்டுவார்கள். கனமான ஆணி மாதிரி, ஒரு பக்கம் தடித்த தலை. திறக்கும்போது கட்டர் வைத்து வெட்டி எறிவார்கள். தினமும் ஆபீசில் அந்த சீல் நம்பரைத்தான் நான் டாகுமென்ட்டில் சரிபார்க்கிறேன். போன வருடம் அதில் ஒன்று என் டயரிலேயே ஏறிவிட்டது. நம்பர் படிக்க முடியவில்லை, இல்லாவிட்டால் எந்தப் பார்ட்டி என்று கண்டுபிடித்திருப்பேன். தரையைத் தொடும் பட்டையின் நடுவில் சாதாரண ஆணி ஏறினால் டியூப்லெஸ் டயரில் திரி சொருகி ஓட்டலாம். ஓட்டை ஆறு மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, தோள் பக்கமோ (பட்டையும் விலாவும் சேரும் மூலை) விலாவோ குத்தினாலோ திரி வேலைக்கு ஆகாது. போல்ட் சீல் ஆணி எட்டு மில்லிமீட்டர் பக்கம். டயர் அங்கேயே காலி. சரக்கைக் கட்டும் லாஷிங் கம்பி, சரக்கு அடுக்கும் பேலட் பலகையின் ஆணி இவையெல்லாம் தனி. அதனால்தான் சொல்கிறேன், நான்கையும் ஆக விலை உயர்ந்த டயராகப் போட்டு மனசைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். நடுத்தர விலை, புதிய தேதி, சுலபமாக இன்னொன்று கிடைக்கிற ரகம் போதும். அடுத்த வருடம் ஒன்று மட்டும் மாற்ற வேண்டி வந்தால் அதே ஜோடி கிடைக்க வேண்டுமே.

இரண்டு மட்டும் மாற்றலாமா? மாற்றலாம். ஆனால் புதியவை இரண்டும் பின்னால் போக வேண்டும். இதைச் சொன்னால் கடையில் எல்லோரும் சிரிப்பார்கள். "முன்சக்கரம்தான் இழுக்குது, பிரேக்கும் முன்னாடிதான், புதுசு முன்னாடி போட்டாத்தான் சேஃப்டி" என்பார்கள். 2018இல் நானும் நம்பி முன்னால் போட்டேன். அந்த நவம்பரில் வெளிவட்டச் சாலையில் வந்துகொண்டிருந்தோம், பின்சீட்டில் அம்மா. மழை, எழுபது எழுபத்தைந்தில் போயிருப்பேன். லேசான வளைவில் தண்ணீர் தேங்கியிருந்தது. முன்சக்கரங்கள் தண்ணீரைப் பிளந்துகொண்டு போய்விட்டன, பின்னால் இருந்த ஆறு வருடத்துப் பழசுகள் மிதந்தன. வண்டியின் வால் தனியாக ஒரு பக்கம் போவது மாதிரி இருந்தது. காலை எடுத்தேன், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன், எப்படியோ நேரானது. பின்னால் லாரி வராதது எங்கள் வடிவுடையம்மன் புண்ணியம். அம்மா "என்னம்மா இப்படி ஓட்டுற?" என்று மட்டும் கேட்டார்.

முன்டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், காலை எடுத்தால் பிடிமானம் திரும்பக் கிடைக்கும், கைக்கும் முன்கூட்டியே தெரியும். பின்டயர் வழுக்கினால் வண்டி சுழலும், தெரியும்போது பாதி சுழன்றிருக்கும். டயர் கம்பெனிகளே புதியதைப் பின்னால் போடத்தான் சொல்கின்றன. உங்கள் விஷயத்தில் 2013இலிருந்து அதே டயர் என்றால் நான்கையும் மாற்றிவிடுங்கள். பத்து வருடம் தாண்டிய டயரில் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள்) எவ்வளவு இருந்தாலும் அதில் மிச்சம் பார்க்க ஒன்றுமில்லை.

அப்புறம் ஸ்டெப்னி. அதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். தரையையே தொடாததால் புதுசு மாதிரி இருக்கும், வயது மட்டும் வண்டியின் வயது. இப்போது கழற்றுகிற நான்கில் தேறுவது எதுவும் இருக்காது என்பதால், ஐந்தாவதாக ஒன்று வாங்க முடிந்தால் வாங்குங்கள். பட்ஜெட் இடித்தால் அடுத்த மாதம். 2025 செப்டம்பர் 22இலிருந்து டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. பில்லில் பழைய வரி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். நான் அதற்காகவே அக்டோபர் வரை இழுத்தடித்து வாங்கினேன்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். கடல் காற்றில் நம் ரிம்களின் விளிம்பு துருப்பிடித்துப் பொரிந்திருக்கும். அதை வயர் பிரஷ் போட்டுத் தேய்க்காமல் புது டயர் ஏற்றினால் வாரம் இரண்டு பாயின்ட் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும், நீங்கள் பஞ்சர் என்று நினைத்துத் தேடுவீர்கள். வால்வு நான்கையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், சில்லறைக் காசுதான். பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் அன்றைக்கே. நைட்ரஜனுக்குத் தனியாகக் காசு கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். எவ்வளவு காற்று என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். பெட்ரோல் பங்கில் பையன் பாட்டுக்கு 35 அடித்துவிடுவான், பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய பழசை மொட்டை மாடியில் போடாதீர்கள். தண்ணீர் தேங்கிக் கொசு வரும், கார்ப்பரேஷன்காரர்கள் வந்து நிற்பார்கள். என்னுடையதில் இரண்டைக் கடைக்காரர் நூறு ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். மற்ற இரண்டும் காசிமேட்டில் பக்கத்து வீட்டு அண்ணனின் படகு விலாவில் தொங்குகின்றன.