மனநல ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வுக்காக 412 மாணவர்களிடம் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகள் கொண்ட மனச்சோர்வு வினாநிரலைக் கொடுத்து, மனச்சோர்வையும் சமூக ஊடகப் பயன்பாட்டையும் அளந்திருக்கிறேன். ஆய்வேட்டின் அந்த அத்தியாயத்தைக் கட்டுரையாக்கி ஒரு மனநல ஆய்விதழுக்கு அனுப்ப விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: இதழைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்த வினாநிரலின் ஒன்பதாவது கேள்விக்கு வந்த பதில்களை எடுத்துப் பாருங்கள். இறந்துவிட்டால் நல்லது என்ற எண்ணமோ தம்மைத் தாமே வருத்திக்கொள்ளும் எண்ணமோ கடந்த இரண்டு வாரங்களில் எவ்வளவு அடிக்கடி வந்தது என்று அது கேட்கிறது. அப்படி எண்ணம் வந்ததாகக் குறித்தவர்களுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைத்தான், இத்தகைய கட்டுரைகளை மதிப்பாய்வு செய்யும்போது நான் முதலில் தேடுகிறேன். பதில்தாள்களை அன்றே படித்துப் பார்க்க ஆள் இருந்ததா, ஆலோசகரிடம் அனுப்பும் ஏற்பாடு இருந்ததா, பெயர் இல்லாமல் இணையம் வழியாகத் திரட்டியிருந்தால் கடைசிப் பக்கத்திலாவது உதவி பெறும் வழி சொல்லப்பட்டிருந்ததா என்பவை முறையியல் பகுதியில் தெளிவாக எழுதப்பட வேண்டும். ஏற்பாடு எதுவும் செய்யவில்லை, பங்கேற்றவர்களை இன்னும் அடையாளம் காண முடியும் என்றால், கட்டுரையை ஒதுக்கி வைத்துவிட்டு உங்கள் வழிகாட்டியிடமும் நெறிமுறைக் குழுவிடமும் இன்றே பேசுங்கள். அடையாளம் காண முடியாது என்றால், அந்தக் குறையைக் கட்டுரையில் மறைக்காமல் சொல்லுங்கள். தக்க உதவி செய்ய இயலாத சூழலில் ஆய்வு செய்பவர்களுக்காக, ஒன்பதாவது கேள்வியை விட்டுவிட்ட பி.எச்.க்யூ-8 என்ற வடிவமும் உண்டு. அடுத்த ஆய்வைத் திட்டமிடும்போது அதையும் கருதிப் பாருங்கள்.

இரண்டாவது, சொற்களைப் பற்றியது. அந்த வினாநிரல் மனச்சோர்வுக்கான அறிகுறிகளைச் சலித்தெடுக்க உதவும் கருவி. நோயைக் கண்டறிவது அதன் வேலையன்று. 27க்கு 10 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெற்றவர்களை எல்லாம் மனச்சோர்வு நோயாளிகள் என்று எண்ணி, இத்தனை விழுக்காட்டினருக்கு நோய் இருக்கிறது என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. 2001இல் வெளியான மூல ஆய்வு, அந்த வரம்பில் கருவியின் உணர்திறனும் (நோயுள்ளவர்களைச் சரியாகப் பிடிக்கும் திறன்) தனித்திறனும் (நோயில்லாதவர்களைச் சரியாக விலக்கும் திறன்) 88 விழுக்காடு என்றது. 1000 பேரில் உண்மையில் 100 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் 88 பேரைக் கருவி பிடிக்கும். நோயில்லாத 900 பேரில் 108 பேரையும் சேர்த்தே பிடிக்கும். நீங்களோ 196 பேருக்கு நோய் என்று எழுதியிருப்பீர்கள். ஆகவே ‘மனச்சோர்வு அறிகுறிகள் குறிப்பிடத்தக்க அளவில் உள்ளவர்கள்’ என்று எழுதுங்கள்; நீங்கள் பயன்படுத்திய மொழிபெயர்ப்பு செல்லுபடியானது என்பதற்கான சான்றையும் காட்டுங்கள். தலைப்பில் ‘சமூக ஊடகத்தின் தாக்கம்’ என்றிருந்தால் அதையும் மாற்றுங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் அளந்த ஆய்வு தொடர்பைக் காட்டலாம். எது எதற்குக் காரணம் என்று அதனால் சொல்ல முடியாது. மனம் சோர்ந்தவர்களே கைபேசியை அதிகம் நாடியிருக்கலாம் அல்லவா?

இவற்றுக்குப் பிறகு இதழைத் தேடுங்கள். உங்கள் மேற்கோள் பட்டியலில் அடிக்கடி வரும் இதழ்களின் நோக்கக் குறிப்பையும் சமீபத்திய சில இதழ்களையும் படித்தாலே, எது உங்கள் கட்டுரைக்குரிய இடம் என்பது தெரிந்துவிடும். உங்களுடையதைப் போன்ற ஆய்வுகளை எழுதுவதற்கு 2007இல் வெளியான ஸ்ட்ரோப் வழிகாட்டுதல் இருக்கிறது. அதன் சரிபார்ப்புப் பட்டியலை எழுதத் தொடங்கும்போதே அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டின் இலக்கிய மீளாய்வு கட்டுரையில் மூன்று, நான்கு பத்திகளாகச் சுருங்க வேண்டும். வெட்டுவது வலிக்கும், ஆனாலும் வெட்டத்தான் வேண்டும்.

கேள்வி: நான் உளவியல் ஆலோசகர். என்னிடம் சிகிச்சை பெற்ற ஒருவரைப் பற்றித் தனிநபர் ஆய்வறிக்கை எழுதியிருக்கிறேன். பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டேன். அது போதாதா?

பதில்: போதாது. ஒருவருடைய தொழில், குடும்ப அமைப்பு, அவருக்கு நேர்ந்த இழப்பு, அது நேர்ந்த ஆண்டு ஆகியவை ஒன்றுசேர்ந்தால், பெயர் இல்லாமலே அவருடைய உறவினர் அவரை அடையாளம் கண்டுகொள்வார். அதைவிட முக்கியம், அவரே அதைப் படிக்க நேரலாம். சிகிச்சைக்குத் தந்த ஒப்புதலையும் வெளியிடுவதற்கான ஒப்புதலையும் ஒன்றாகக் கருதக் கூடாது. இரண்டாவதை எழுத்தில் தனியே பெற வேண்டும். மனநலத் துறையில் எப்போது கேட்கிறோம் என்பதும் பொருட்படுத்த வேண்டியது. நோயின் உச்சத்திலோ, உங்களை மறுத்தால் சிகிச்சை கெடும் என்று அவர் அஞ்சக்கூடிய கட்டத்திலோ பெற்ற கையெழுத்தை நான் ஒப்புதலாக மதிக்க மாட்டேன். உடல்நிலை தேறிய பிறகு கட்டுரையின் முழு வடிவத்தையும் அவர் கையில் கொடுத்து, படித்து முடிக்க நாள் கொடுத்து, வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்பதைச் சொல்லிக் கேளுங்கள். தனிநபர் ஆய்வறிக்கைகளை எழுதுவதற்காக 2013இல் வந்த கேர் வழிகாட்டுதல், ஒப்புதலோடு நில்லாமல், நோயாளியின் சொந்தப் பார்வையையும் அறிக்கையில் சேர்க்கச் சொல்கிறது. அவர் நான்கு வரி எழுதித் தந்தால், கட்டுரையில் அதைவிட மதிப்புள்ள பகுதி வேறொன்று இருக்காது.

விவரங்களை மறைக்கலாம், மாற்றி எழுதக் கூடாது. ஆசிரியரைச் செவிலியர் என்று எழுதினால், அடுத்த ஆய்வாளர் அந்தப் பொய்யிலிருந்து முடிவெடுப்பார். தற்கொலை முயற்சி இடம்பெறுகிறது என்றால் அதன் வழிமுறையை விவரிக்காதீர்கள். ‘மனநோயாளி’, ‘போதை அடிமை’ என்ற சொற்களை நீக்கி, இன்ன சிக்கலோடு வாழ்பவர் என்று எழுதுங்கள்.

கேள்வி: துறைத்தலைவரின் பெயரையும் கட்டுரையாளர் வரிசையில் சேர்க்கச் சொல்கிறார்கள். அவர் கட்டுரையைப் படித்ததுகூட இல்லை.

பதில்: மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது: ஆய்வின் திட்டத்திலோ தரவைத் திரட்டுவதிலோ ஆராய்வதிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதியதில் அல்லது அறிவார்ந்து திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், ஆய்வின் எல்லாப் பகுதிக்கும் பொறுப்பேற்றல். நான்கும் நிறைவேற வேண்டும். நிதியோ இடமோ தந்து உதவியவருக்கு நன்றியுரையில் இடம் உண்டு. இளையவர் மூத்தவரிடம் இதை எடுத்துச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். யார் என்ன செய்தார் என்று குறிக்கும் பங்களிப்பு அறிக்கையை இதழ் கேட்கிறது என்றால், அந்தப் படிவத்தையே அவர் முன் வைத்து, அவருக்குரிய வரியில் என்ன எழுதலாம் என்று பணிவாகக் கேளுங்கள்.

கேள்வி: முடிவு வர மாதக்கணக்கில் ஆகிறது. இரண்டு இதழ்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாமா? ஏழு நாளில் வெளியிடுவதாக ஓர் இதழிலிருந்து மின்னஞ்சலும் வந்திருக்கிறது.

பதில்: அனுப்பக் கூடாது. வேறெங்கும் பரிசீலனையில் இல்லை என்ற உறுதிமொழியோடுதான் கட்டுரையை அனுப்புகிறீர்கள். நெடுநாள் பதில் இல்லை என்றால் ஆசிரியருக்கு எழுதிக் கேட்கலாம். முறையாகத் திரும்பப் பெற்று, அது உறுதியான பிறகு வேறிடம் அனுப்பலாம். ஏழு நாளில் நேர்மையான மதிப்பாய்வு நடக்க வாய்ப்பில்லை. அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவே வேண்டாம்.

கேள்வி: என் கட்டுரையின் மொழிநடையைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டு திருத்தினேன். சொல்ல வேண்டுமா?

பதில்: இதழின் விதியைப் பார்த்து, அது கேட்கும் இடத்தில் சொல்லிவிடுங்கள். கருவியைக் கட்டுரையாளராகக் குறிப்பிட முடியாது. பொறுப்பேற்க அதனால் இயலாது. அது தந்த மேற்கோள்களை ஒவ்வொன்றாக மூலத்தில் சரிபாருங்கள். இல்லாத கட்டுரைகளையும் அது இருப்பதாகத் தரும். நேர்காணல் எழுத்துப்படிகளை, நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பங்கேற்றவர்களின் ஒப்புதலும் இல்லாமல் அத்தகைய பொதுக் கருவிகளில் ஏற்றாதீர்கள். உங்களை நம்பிச் சொன்ன பேச்சு அது.

கேள்வி: பெரும் திருத்தம் வேண்டும் என்று 31 குறிப்புகளோடு கட்டுரை திரும்பி வந்திருக்கிறது. ஒரு மதிப்பாய்வாளர் கடுமையாக எழுதியிருக்கிறார். மனம் விட்டுப்போயிற்று.

பதில்: பெரும் திருத்தம் கேட்பது நிராகரிப்பு அன்று, கட்டுரையில் தமக்கு ஆர்வம் இருக்கிறது என்று ஆசிரியர் சொல்கிறார். இரண்டு நாள் அதைத் திறக்காமல் இருங்கள். பிறகு ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே எடுத்தெழுதி, அதன் கீழ் உங்கள் பதிலையும், திருத்திய வரியையும், அது இருக்கும் பக்கத்தையும் தாருங்கள். மதிப்பாய்வாளர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், அந்த இடத்தை இன்னும் தெளிவாக எழுதியிருக்கலாமோ என்று முதலில் பாருங்கள்; மற்ற வாசகரும் அங்கேயே தடுக்கி விழக்கூடும். ஏற்க முடியாத குறிப்பை, காரணமும் சான்றும் காட்டி மறுக்கலாம். முடிவுகள் வலுவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, திட்டமிடாத பகுப்பாய்வைத் திட்டமிட்டது போல் மட்டும் எழுதிவிடாதீர்கள். மதிப்பாய்வாளர் கேட்டுச் செய்தது என்று வெளிப்படையாகக் குறியுங்கள். கெடுவுக்குள் முடியாது என்று தோன்றினால், கெடு கடப்பதற்கு முன்பே ஆசிரியருக்கு எழுதி அவகாசம் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.