வீரத்தை எழுதாத கற்கள்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் நிலாவெளி வீதியோரமாக உள்ள இரண்டாம் உலகப் போர்க்கால மயானத்தின் கற்களில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவற்றைக் காண்கிறோம், புரிந்த வீரச்செயலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வீரத்தைச் சொல்லாத கல் எவ்வாறு வீரனின் நினைவுச்சின்னமாகும்?
– வாசகர், உவர்மலை

பதில்: அது தவறிய செயலன்று, திட்டமிட்டே விடப்பட்டது. இத்தகைய மயானங்களுக்குப் பொறுப்பான பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு 1917இல் நிறுவப்பட்ட பின், செல்வக் குடும்பங்கள் தம் பிள்ளைகளின் உடலைத் தாயகம் கொண்டுசென்று தனி மண்டபம் எழுப்ப விரும்பியபோது, அதிகாரிக்கும் கடைநிலை மாலுமிக்கும் ஒரே அளவான அடையாளமே உரியது என்று அது மறுத்துவிட்டது. விருது பெற்றவராயின் பெயருக்குப் பின் அதன் சுருக்கெழுத்துகள் வரும். பிரித்தானியாவின் அதியுயர் வீர விருதான விக்டோரியா சிலுவை பெற்றவரின் கல்லில் அப்பதக்கத்தின் வடிவமே செதுக்கப்படும். ஆனால் அச்செயலின் விவரத்தை லண்டன் அரச வர்த்தமானியில்தான் தேடவேண்டும்.

நமக்கு இது குறையாகத் தோன்றுவது இயல்பே. வீழ்ந்தவனின் பெயரையும் பெருமையையும் பொறித்து மயிற்பீலி சூட்டி வழிபட்ட நடுகல் மரபு நம்முடையது. செங்கம் பகுதியின் எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்மன் காலத்து கால்நடை கவரும் சண்டையில் இறந்த வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்த கோவிவன் என்னும் நாயையும் மறவாமல் குறிப்பிடுகிறது. (நாய்க்குக் கிடைத்த வரி உப்புவெளியில் எந்த மாலுமிக்கும் கிடைக்கவில்லை.) ஆயினும் நடுகல், செயலைக் கண்ட ஊரார் எழுப்பியது. குண்டுவீச்சில் ஒருசேர மாண்டவர்களுள் யார் துணிவு மிக்கவர் என்று சொல்ல, கண்டவரே மிஞ்சாத நிலையில், செயலை எழுதினால் எழுதப்படாதவர் கோழையாகிவிடுவார். ஆகவே இவ்விடத்தில் ஆணைக்குழுவின் பக்கமே நியாயம் என்பது என் கருத்து.

கேள்வி: 1942இல் மூழ்கிய ஹேர்மிஸ் கப்பலில் இறந்தோர் அனைவரும் உப்புவெளி மயானத்திலா அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்?
– வாசகி, மூதூர்

பதில்: இல்லை. தாக்குதல் எச்சரிக்கையை அடுத்துத் திருகோணமலையிலிருந்து வெளியேறிய அவ்விமானந்தாங்கிக் கப்பல், விமானங்கள் இன்றித் திரும்பிவரும் வழியில், ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. மாண்ட 307 பேரில் பெரும்பாலோருக்குக் கடலே கல்லறை. இவ்வாறு கல்லறையற்றுப் போன பிரித்தானிய மாலுமிகளின் பெயர்கள் போர்ட்ஸ்மத், பிளிமத், சாத்தம் ஆகிய இங்கிலாந்துத் துறைமுகங்களின் கடற்படை நினைவுத்தூண்களில் பொறிக்கப்பட்டுள்ளன.