முடிக்காகப் பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரை போடுகிறேன். தைராய்டு டெஸ்டுக்கு முன் நிறுத்த வேண்டுமா?

நிறுத்துங்கள். 10 மில்லிகிராம் மாத்திரை என்றால் இரண்டு மூன்று நாளாவது விட்டு ரத்தம் கொடுங்கள். டாக்டர் ஏதாவது நோய்க்காக எழுதிக் கொடுத்தது என்றால் மட்டும் அவரைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். தண்டையார்பேட்டையிலிருந்து வந்த ஓர் அக்காவுக்கு டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அடியில் கிடந்தது, ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) எகிறியிருந்தது. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் வருகிற ரிப்போர்ட் இது. ஆனால் அதற்குரிய கை நடுக்கமோ படபடப்போ இல்லை, எடையும் இறங்கவில்லை. "வேற மாத்திரை ஏதாச்சும் போடுறீங்களாக்கா?" என்றால், "ஒண்ணும் இல்லப்பா" என்றார். அப்புறம் பையைத் துழாவி ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்து, "இது முடிக்குத்தானே, இதெல்லாமா மாத்திரை?" என்று கேட்டார். நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தபோது இரண்டும் நார்மல்.

காரணம் மெஷினுக்குள் இருக்கிறது. ஸ்ட்ரெப்டவிடின் என்ற புரதம் பயோட்டினைப் பிடித்தால் லேசில் விடாது. அந்தப் பிடியை நம்பித்தான் பல மெஷின்கள் ஓடுகின்றன: பயோட்டின் ஒட்டிய ஆன்டிபாடி டிஎஸ்ஹெச்சைப் பிடிக்கும், ஸ்ட்ரெப்டவிடின் பூசிய நுண்ணிய மணி அந்த ஆன்டிபாடியைப் பிடிக்கும். உங்கள் ரத்தத்திலேயே பயோட்டின் நிறைய இருந்தால் மணியில் அதுவே இடம் பிடித்துவிடும். ஆன்டிபாடி கழுவும்போது போய்விடும். டிஎஸ்ஹெச் குறைவாகத் தெரியும். டி4 டெஸ்ட் போட்டி முறை (ரத்தத்தில் இருக்கும் டி4-உம் டெஸ்டில் சேர்க்கும் டி4-உம் ஒரே இடத்துக்குப் போட்டி போடும்), அதில் சிக்னல் குறைந்தால் அளவு கூடுதல் என்று கணக்கு. ஆக, இல்லாத ஹைப்பர்தைராய்டு (தைராய்டு அதிகச் சுரப்பு) ரிப்போர்ட்டில் வந்து உட்காரும். மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனினும் இப்படிப் பொய்யாகக் குறைந்து ஒருவர் இறந்ததாக வந்த தகவலைச் சொல்லி, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இல் எச்சரித்தது.

சரி, முடி வளருமா? நம் உடம்பில் பயோட்டினை நம்பியிருப்பவை ஐந்து கார்பாக்சிலேஸ் என்சைம்கள். என்சைமில் உள்ள லைசின் என்ற ஓர் அமினோ அமிலத்தில் பயோட்டின் நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. நம்ம ஹார்பர் கிரேன் கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி லாரியில் வைக்கிற மாதிரி, ஒரு முனையில் கார்பன் டை ஆக்சைடை வாங்கி இன்னொரு முனையில் இறக்குகிறது. கொழுப்பு தயாரிக்க, பட்டினியில் குளுக்கோஸ் உண்டாக்க, சில அமினோ அமிலங்களை உடைக்க இந்த வேலை வேண்டும். ஐந்துக்கும் கிடைத்துவிட்டால் மிச்சம் சிறுநீரில்தான் போகும். ஒரு நாள் தேவை 30 மைக்ரோகிராம் அளவு. உங்கள் மாத்திரையில் 10,000. வேர்க்கடலை, ஈரல், மஞ்சள்கரு சாப்பிடுகிறவருக்குக் குறைபாடு வருவதே அபூர்வம். (பச்சை முட்டை குடிக்கிற ஜிம் தம்பிகளே, வெள்ளைக்கருவில் இருக்கும் அவிடின் பயோட்டினைக் கட்டிப் போட்டுவிடும். வேகவைத்துச் சாப்பிடுங்கள்.)

பயோட்டினிடேஸ் (பயோட்டினை மறுபடி பயன்படுத்த விடுவிக்கும் என்சைம்) குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளுக்கு மட்டும் இதே மாத்திரை ஆயுள் மருந்து. அவர்களுக்கு முடி கொட்டும், தோலில் தடிப்பு வரும், வலிப்பும் வரும், கொடுத்தால் தேறுவார்கள்.

உங்களுக்கு முடி கொட்டினால் தைராய்டோடு ஹீமோகுளோபின், ஃபெரிட்டினையும் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது) பார்த்துவிடுங்கள். சில மெஷின்களில் ஃபெரிட்டினும் இதே ஸ்ட்ரெப்டவிடின் முறைதான், அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த இடைவெளி விட்டே வாருங்கள்.