இரண்டு மணிக்கு விழிக்கும் பாப்பா

அன்புள்ள ஐயா,

நாலைந்து வருடமாக உங்கள் தளத்தைப் படிக்கிறேன். இலக்கியம் பற்றிக் கேட்காமல் இதைக் கேட்பதற்கு மன்னியுங்கள். எங்கள் மகளுக்கு 19 மாதம். ஒரு வயதிலிருந்து இரவில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தவள், மூன்று வாரமாக இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். அழுகை, அப்புறம் விளையாட்டு, மறுபடி அழுகை. தூங்க நாலு மணி ஆகிறது. மனைவி தூக்கிக்கொண்டு நடக்கிறாள், பால் ஆற்றிக் கொடுக்கிறாள், ஒன்றும் முடியாவிட்டால் போனில் பாட்டுப் போட்டுக் காட்டுகிறாள். காலையில் அவளும் வேலைக்குப் போக வேண்டும். நான் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், வீடு திரும்ப ஒன்பதரை ஆகிவிடும். பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்வது என் அம்மா. அவர் கண்ணு பட்டுவிட்டது என்கிறார், வசம்பு உரசிக் கொடுக்கச் சொல்கிறார். யூடியூபில் இதை ‘ஸ்லீப் ரிக்ரஷன்’ என்கிறார்கள், தனியாக அழவிட்டால் பழகிவிடும் என்கிறார்கள். டாக்டர் காது, தொண்டை, எடை எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். நீங்கள் ஒரு மகளை வளர்த்தவர். என்ன செய்யலாம்?

எம்., திருப்பூர்

அன்புள்ள எம்.,

மன்னிப்பெல்லாம் எதற்கு? தூங்காத வீட்டில் யார் இலக்கியம் படிக்கப் போகிறார்கள்?

அந்தப் பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ரிக்ரஷன் என்றால் பின்னால் போவது. அது ஒரு நோயின் பெயர் இல்லை, பெற்றோர் பேசிப் பேசி நிலைத்துவிட்ட சொல். குழந்தை இரவில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆழ்ந்த தூக்கத்திலிருந்து மேலே வந்து மறுபடி உள்ளே போகும். பெரியவர்களுக்கு அந்தச் சுற்று ஒன்றரை மணி நேரம். நாமும் மேலே வருகிறோம், புரண்டு படுக்கிறோம், காலையில் நினைவிருப்பதில்லை. உங்கள் பாப்பாவும் இத்தனை மாதம் அப்படித்தான் செய்திருப்பாள். இப்போது மேலே வரும்போது அவளைப் பிடித்து உட்கார வைக்க நிறையக் காரணங்கள் சேர்ந்துவிட்டன. புதிதாய்க் கற்ற சொற்கள் வாயில் நிற்கின்றன. கால் ஓடக் கற்றுவிட்டது. கடைவாய்ப் பல் முளைக்கிற வயது. எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணில் படாத அம்மா வேறெங்கோ இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு தேடத் தொடங்கியிருக்கிறாள்.

நம் பிள்ளைத்தமிழில் தாலாட்டுக்குரிய தால் மூன்றாவது பருவம். அப்புறம் சப்பாணி, முத்தம், வருகை. ஏழாவதுதான் அம்புலி, நிலாவைக் கூப்பிட்டு விளையாடுவது. உங்கள் மகள் தாலைத் தாண்டி அம்புலிக்கு வந்துவிட்டாள். என்ன, நேரம்தான் கொஞ்சம் தப்பு.

என் மகளுக்கும் இது வந்தது, ஏறக்குறைய இதே வயதில். ஒரு வெயில்கால இரவில், மனைவி சோர்ந்துபோய் அழத் தொடங்கிவிட்டாள் என்பதால், நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். கீழே தெருவிளக்கடியில் நாலு நாய்கள் வட்டமாகப் படுத்திருந்தன. “பாரு, நாய் தூங்குது” என்றேன். உடனே அழுகை நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் இரண்டு மணிக்கு எழுந்தவள் அழவே இல்லை. கதவைக் காட்டி “நாய்” என்றாள். அடுத்த நாளும் நாய். பத்து நாள் ஒரே உத்தியோகம். நாய்கள் வேறு தெருவுக்குப் போன அன்று அவள் போட்ட கூச்சலில் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார்.

இரண்டு மணிக்கு நீங்கள் எதைக் காட்டுகிறீர்களோ, நாளை அதைப் பார்க்கவே அவள் எழுவாள். உங்கள் வீட்டில் அந்த நாய், போன். அதை முதலில் நிறுத்துங்கள். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்றுதான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் சொல்கிறது. விளக்கைப் போடாதீர்கள். பசி இருக்கிறதா என்று பார்க்க இரவுச் சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்துப் பாருங்கள். அதற்கப்புறம் நடுராத்திரியில் தண்ணீர் போதும். நடந்து தூங்க வைக்காமல், பக்கத்தில் படுத்து, முதுகில் கை வைத்து, ஒரே வாக்கியத்தை ஒரே குரலில் சொல்லுங்கள். “எல்லாரும் தூங்கறாங்க, பாப்பாவும் தூங்கணும்.” இருபது தடவை. நீங்கள் அலுப்பூட்டும் மனிதராக வேண்டும், அதுதான் மருந்து.

சாயங்காலத்தையும் பாருங்கள். இரவில் விழித்தவள் என்று இரக்கப்பட்டு உங்கள் அம்மா அவளை ஐந்து மணி வரை தூங்க விடுகிறாரா? பெரும்பாலான வீடுகளில் அதுதான் நடக்கிறது. மதியத் தூக்கம் மூன்று, மூன்றரைக்குள் முடியட்டும். முழுக்க நிறுத்திவிடாதீர்கள். இந்த வயதில் பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும். அசந்துபோன குழந்தை நன்றாகத் தூங்கும் என்பது நம் கணக்கு. அளவுக்கு மீறி அசந்தால் முரண்டுதான் பிடிக்கும். அப்புறம், ஒன்பதரைக்கு அப்பாவின் பைக் சத்தம். அப்பா உள்ளே வந்ததும் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற விளையாட்டு. எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும், நானும் செய்தவன். அதைக் காலை ஏழு மணிக்கு மாற்றுங்கள். எட்டரைக்குள் அவள் தூங்கிவிட்டால் இரவில் முகம் பார்க்க முடியாது, உண்மைதான். கொஞ்ச நாள் பொறுங்கள்.

வசம்பு கூடாது. பிள்ளை வளர்ப்பான் என்று அதற்குப் பேரே உண்டு, உங்கள் அம்மாவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதிலுள்ள அசரோன் என்ற பொருளின் நச்சுத்தன்மைக்காக 1968-லேயே அமெரிக்காவில் அதை உணவில் சேர்க்கத் தடை விதித்துவிட்டார்கள். ஜாதிக்காய் உரசிக் கொடுப்பதும் வேண்டாம். இருமல் மருந்து கொடுத்தால் தூங்கும் என்று யாராவது காதில் ஓதினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். திருஷ்டி தாராளமாகக் கழிக்கலாம், உப்பு மிளகாயால் நஷ்டமில்லை. படுக்கிற அறையில் மிளகாயைச் சுட்டுப் புகைபோட வேண்டாம், அவ்வளவுதான்.

அழவிடும் முறை பற்றி. 1980களில் பாஸ்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்பர் பெயரில் அது பரவியது. அவர் சொன்னதும், அப்படியே கதவைச் சாத்திவிட்டுப் போவது அல்ல. போய்ப் பார்த்துவிட்டு வருகிற இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவது. அதற்குக் குழந்தைக்குத் தனி அறை வேண்டும். பாய் விரித்து நாலு பேர் வரிசையாகப் படுக்கிற வீட்டில் எந்தக் கதவைச் சாத்துவது? அந்த முறையால் கெடுதல் என்றும் நான் சொல்ல மாட்டேன். நம் வீட்டுக்குத் தைத்த சட்டை இல்லை.

டாக்டர் பார்த்தது நல்லது. குறட்டை விடுகிறாளா, வாயைத் திறந்து மூச்சு விடுகிறாளா, தூக்கத்தில் காலை ஓயாமல் உதைக்கிறாளா என்று ஒரு வாரம் கவனியுங்கள். இருந்தால் மறுபடி போய்ச் சொல்லுங்கள். குறட்டைக்கு மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை காரணமாக இருக்கலாம், உதைப்பதற்கு இரும்புச்சத்துக் குறைவு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட நம் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதனால் அதை லேசாக விட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தேன். மனைவி நடக்கிறாள், மனைவி பால் ஆற்றுகிறாள், மனைவி போனைக் காட்டுகிறாள். இரண்டு மணிக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? காலையில் வேலை உங்களுக்கு மட்டும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் மாடிக்குப் போன அந்த இரவுக்கு முன்னால் பதினேழு நாள் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் படுத்திருந்தேன். என் மனைவி எண்ணி வைத்திருந்தாள், அப்புறம் சொன்னாள்.

இதெல்லாம் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகத் தணிந்துவிடும். அதுவரை குழந்தையைவிடப் பெரியவர்களின் தூக்கத்துக்குத்தான் ஏற்பாடு வேண்டும். இரவைப் பாதியாகப் பிரியுங்கள். இரண்டு மணி வரை மனைவி, அப்புறம் நீங்கள். உங்கள் முறை வரும்போது மனைவி வேறு அறையிலோ கூடத்திலோ படுக்கட்டும். முதல் அழுகைக்கே எழுந்து வருவார், திருப்பி அனுப்புங்கள். பாப்பா முதல் இரவு உங்களை ஏற்க மாட்டாள். “அம்மா” என்று கதவைக் காட்டுவாள், கையைத் தட்டிவிடுவாள், முகத்தில் அறைவாள். கோபப்படாமல் பக்கத்தில் கிடங்கள். எனக்கு மூன்று இரவு ஆனது. மூன்றாம் இரவு என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே தூங்கிப்போனாள்.

சனிக்கிழமை இரவு தொடங்குங்கள், மறுநாள் விடுமுறை. சனிக்கிழமை சம்பள நாள், வர பதினொன்று ஆகிவிடும் என்பீர்கள். சரி, ஞாயிறு.