முதல்ல இறங்கி நடங்க: மலைத்தடத்தில் புதுசா வண்டி ஓட்டுறவங்களுக்குக் கேள்வி பதில்

சொந்த ஊர் கம்பம். 22 வருஷமா கம்பம்மெட்டு வழியா ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திப் போற ஜீப் ஓட்டுறேன். விடியுறதுக்கு முன்னாடி ஏறி, சாயங்காலம் இறங்குற பொழப்பு. நடுவுல கொஞ்ச வருஷம் சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலைக்கு டூரிஸ்ட் ஜீப்பும் ஓட்டினேன். இப்ப புதுசா ஃபோர் வீல் வண்டி, அதாவது நாலு டயருக்கும் எஞ்சின் இழுவை போற வண்டி, வாங்கின தம்பி தங்கச்சிங்க நிறையப் பேர் மலைத்தடத்துல எப்படி ஓட்டுறதுன்னு கேக்குறீங்க. ஒவ்வொண்ணா சொல்றேன்.

கேள்வி (மதுரை): அண்ணே, மஹிந்திரா தார் ஃபோர் வீல் வாங்கி மூணு மாசம் ஆச்சு. இன்னும் ரோட்டை விட்டு இறக்கலை. முதல் தடவை எங்க போகலாம்?

மலைக்கு வராதீங்க தம்பி, இப்ப வேண்டாம். உங்க ஊர்ப் பக்கமே தெரிஞ்சவங்க தரிசு நிலம், தோப்புக்குப் போற வண்டிப்பாதை இருக்கும். நிலத்துக்காரர்கிட்ட கேட்டுட்டு அங்க போங்க. ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு சாக்கை விரிச்சுப் படுத்து வண்டிக்கு அடியில பாருங்க. ரெண்டு பக்க டயரையும் சேக்குற அச்சு, அந்த ஆக்ஸில்ல உருண்டையாத் தொங்குதே, அதுதான் டிஃபரன்ஷியல். அது எந்தப் பக்கம் இருக்கு, டீசல் டேங்க் எங்க, சைலன்சர் எங்க, இதெல்லாம் மனசுல பதியணும். கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டி அடிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி, உங்க வண்டிக்குக் கம்பெனி சொல்றது 226 மில்லிமீட்டர், மாருதி ஜிம்னிக்கு 210. ஒரு ஜாண்தான். ஜாணை விட உயரமான கல்லு வந்தா நடுவுல விட்டுக் கடக்க முடியாது, டயரைக் கல்லு மேல ஏத்தித்தான் போகணும். புதுசா ஓட்டுறவங்க எல்லாரும் கல்லைக் கண்டா ரெண்டு டயருக்கும் நடுவுல விடப் பாப்பாங்க. ரோட்டுல பழகின கை அப்படித்தான் செய்யும். அதை மாத்துறதுக்கே நாலு ஞாயித்துக்கிழமை ஆகும்.

கேள்வி (உத்தமபாளையம்): ஃபோர் ஹை, ஃபோர் லோ எதை எப்பப் போடணும்?

ரெண்டுலயும் நாலு டயரும் இழுக்கும்; ஹை சாதாரண வேகத்துக்கு, லோ மெதுவா, பலமா இழுக்கிறதுக்கு. சரளை, ஈர மண், லேசான சேறு, இதுக்கெல்லாம் ஃபோர் ஹை. செங்குத்தான ஏத்தம், இறக்கம், பெரிய கல்லு, ஆழமான சகதின்னா ஃபோர் லோ. லோவுல வேகம் பாதியாகவோ அதுக்கும் கீழயோ குறையும், இழுவை அதே அளவுக்குக் கூடும். ஆக்சிலேட்டர் மிதிக்காமலேயே வண்டி ஆமை மாதிரி ஏறும். லோ போடும்போது வண்டியை நிறுத்தி, நியூட்ரல்ல வச்சுப் போடுங்க. இன்னொண்ணு, மோசமான இடத்துக்கு முன்னாடியே போட்டுடணும். பாதி ஏத்தத்துல மாட்டிக்கிட்டு லிவரைத் தேடக்கூடாது.

காஞ்ச தார் ரோட்டுக்கு வந்ததும் டூ வீலுக்கு, அதாவது ரெண்டு டயர் மட்டும் இழுக்கிற நிலைக்கு, மாத்திடுங்க. இந்த வண்டிகள்ல ஃபோர் வீல் போட்டா முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒண்ணாப் பூட்டிக்கும். வளைவுல முன்டயர் கூடுதல் தூரம் சுத்தணும், பூட்டிக்கிட்டதால சுத்த முடியாது. மண்ணுல டயர் கொஞ்சம் வழுக்கி அதைச் சமாளிச்சுக்கும். தாருல வழுக்காது, அந்த முறுக்கு முழுக்க கியர் பெட்டிக்குத்தான் போகும்.

கேள்வி (ஆண்டிபட்டி): பெரியப்பா வச்சிருந்த பொலிரோதான் என்கிட்ட இருக்கு. ஃபோர் வீல் இல்லை. ஆசைப்படலாமா?

தாராளமா. காஞ்ச மண்பாதை, சரளை, சின்னப் பள்ளம் எல்லாம் அது போகும். சேத்துக்கும் ஈர ஏத்தத்துக்கும் மட்டும் போகாதீங்க. நல்ல டயரும் நிதானமும் இருந்தா டூ வீல்லயே நிறையக் கத்துக்கலாம்.

கேள்வி (தேனி): டயர்ல காத்தைக் குறைக்கச் சொல்றாங்களே, பஞ்சர் ஆகாதா?

ஆகாது, அளவாக் குறைச்சா. ரோட்டுல 30 பி.எஸ்.ஐ. பக்கம் வச்சிருப்பீங்க. மலைத்தடத்துக்கு 22, 24 போதும். காத்து இறங்கின டயர் கல்லை அணைச்சுப் பிடிக்கும், விறைப்பா இருக்கிற டயர் கல்லு மேல துள்ளும். ஒரு தடவை ரெண்டு விதமாவும் ஒரே ஏத்தத்துல ஓட்டிப் பாருங்க, நான் சொல்லவே வேண்டாம், உங்க இடுப்பே சொல்லும். தரையில படுற பாகமும் நீளமாகுறதால மண்ணுலயும் பிடிமானம் கூடும்.

ஆனா 15-க்குக் கீழ போகாதீங்க, திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழண்டுடும். காத்து குறைஞ்சிருக்கும்போது டயரோட பக்கவாட்டு வயிறு பிதுங்கி நிக்கும், கூரான கல்லு அங்க உரசினா கிழிஞ்சிடும், அந்தக் கிழிசலுக்கு ஒட்டு நிக்காது. ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏத்திடணும், காத்து இல்லாத டயர்ல வேகமாப் போனா சூடாகி வெடிக்கும். அதனால பேட்டரியில மாட்டுற சின்ன கம்ப்ரசர் ஒண்ணும் காத்து பாக்குற மீட்டரும் கையில இல்லாம காத்தை இறக்காதீங்க.

கேள்வி (கூடலூர்): நீங்க எப்பவும் "இறங்கி நட" "இறங்கி நட"ன்னு சொல்றீங்களாம். நடந்து என்னண்ணே பாக்கணும்?

எனக்கு ஜீப் கத்துக்கொடுத்த பெரியவர் முதல் ஆறு மாசம் ஸ்டீயரிங்கைத் தொட விட்டதை விட நடக்க விட்டதுதான் அதிகம். மோசமான இடம் வந்தா நிறுத்துவார். "இறங்கு. இடது முன்டயர் எந்தக் கல்லுல ஏறும், அப்ப வலது பின்டயர் எங்க நிக்கும், சொல்லு"ன்னு கேப்பார். தப்பாச் சொன்னா திரும்ப நடக்கணும். பின்னாடி உக்காந்திருக்கிற அக்காமார் எல்லாம் வேலைக்கு நேரமாச்சுன்னு சத்தம் போடுவாங்க, அவர் காதுலயே வாங்க மாட்டார்.

நடக்கும்போது குதிகாலை மண்ணுல அழுத்திப் பாருங்க. குதிகால் பதிஞ்ச குழியில தண்ணி ஊறி வந்தா டயரும் அங்க இறங்கும். கல்லைக் காலால தள்ளிப் பாருங்க, ஆடுற கல்லு டயர் ஏறினா புரளும். புல்லு மூடின ஓரத்தை நம்பாதீங்க. மழைத்தண்ணி அடியில அரிச்சு, மேல புல்லு மட்டும் பச்சையா நிக்கும், கீழ வெத்துக்குழி. பள்ளத்தோட அந்தக் கரை வரைக்கும் நடங்க. ஏறின பிறகு வண்டி திருப்ப இடம் இருக்கான்னு பாத்துட்டு வாங்க. அந்த இடம் இல்லைன்னா நான் ஏறவே மாட்டேன், கூட யாரு இருந்தாலும் சரி.

கேள்வி (சின்னமனூர்): ஏத்தத்துல பாதியில வண்டி ஆஃப் ஆயிடுச்சுன்னா?

பிரேக்கை அழுத்திப் பிடிங்க, ஹேண்ட் பிரேக்கும் போடுங்க. திருப்பப் பாக்காதீங்க. ஏத்தத்துல வண்டியைக் குறுக்க திருப்பினா உருண்டுடும், இதுல ரெண்டாம் பேச்சே கிடையாது. ரிவர்ஸ் கியரைப் போட்டு, ஸ்டீயரிங்கை நேரா வச்சு, வந்த வழியே மெதுவா பின்னால இறங்குங்க. கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டு இறங்காதீங்க, எஞ்சின் பிடிச்சுக்கிட்டே வரணும்.

இறக்கமும் அதே கதைதான். ஃபோர் லோ, முதல் கியர், ரெண்டு காலும் பெடலை விட்டு எட்ட. நான் ஓட்ட வந்த ரெண்டாம் வருஷம், ஐப்பசி மழையில தோட்டத்து இறக்கத்துல பயந்துபோய் கிளட்ச்சையும் பிரேக்கையும் சேத்து மிதிச்சேன். நாலு டயரும் பூட்டி, வண்டி பலகை மாதிரி வழுக்கி ஏலச்செடிக்குள்ள போய் நின்னுச்சு. பின்னாடி எட்டுப் பேர். யாருக்கும் அடி இல்லை. ஆனா அந்த எட்டுப் பேர் கூப்பாடு இன்னைக்கும் அந்த வளைவுல எனக்குக் கேக்கும். வழுக்க ஆரம்பிச்சா பிரேக்கை விடுங்க, துளி ஆக்சிலேட்டர் கொடுங்க, டயர் சுத்தினாத்தான் ஸ்டீயரிங் கேக்கும். நம்ம மனசு இதுக்கு ஒத்துக்காது. அதனாலதான் சின்ன இறக்கத்துல நூறு தடவை பழகச் சொல்றேன்.

கேள்வி (பெரியகுளம்): ஒரு டயர் அந்தரத்துல சுத்துது, மத்த டயர் அசைய மாட்டேங்குது. ஃபோர் வீல் போட்டும் ஏன் அப்படி?

டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம் லேசாச் சுத்துதோ அந்தப் பக்கம் சுத்த விட்டுடும். முன்னால ஒண்ணும் பின்னால ஒண்ணும் தரையை விட்டுட்டா ரெண்டு ஆக்ஸில் சுழற்சியும் காத்துலயே போயிடும். ஆக்சிலேட்டரை உறுமவிட்டுப் பிரயோஜனம் இல்லை. ஆக்சிலேட்டரை நிதானமாப் பிடிச்சுக்கிட்டே பிரேக்கை லேசாத் தொடுங்க. சுத்துற டயருக்குத் தடை வந்ததும் இழுவை மத்த டயருக்குப் போகும். புது வண்டிகள்ல இதை வண்டியே தானா செய்யுது, அதுக்கு ரெண்டு மூணு விநாடி பொறுக்கணும். அப்பவும் அசையலையா, இறங்கி அந்த டயருக்கு அடியில கல்லை அடுக்குங்க. பத்து நிமிஷ வேலை.

கேள்வி (குமுளி): ஓடையைக் கடக்கலாமா? கம்பெனியே 650 மில்லிமீட்டர் தண்ணி வரைக்கும் போகலாம்னு போட்டிருக்கே.

அந்தக் கணக்கு வேற, நம்ம மலை ஓடை வேற. நான் வச்சிருக்கிற கணக்கு என் முழங்கால். முதல்ல நடந்து கடப்பேன். முழங்காலுக்கு மேல வந்தா வண்டியை இறக்க மாட்டேன். முழங்காலுக்குக் கீழ இருந்தாலும் தண்ணி காலைத் தள்ளினா இறக்க மாட்டேன். ஓடுற தண்ணி ஒரு அடி ஆழமே சின்னக் காரை மிதக்க விட்டுடும், ரெண்டு அடின்னா பெரிய வண்டியையும் இழுத்துட்டுப் போயிடும். மேல மழை பெஞ்சா கீழ வெயில் அடிக்கும்போதே ஓடை கலங்கி வரும். தண்ணி நிறம் மாறினா கரையில நில்லுங்க, வத்தட்டும்.

இறங்கினா ஒரே கியர், ஒரே வேகம், நடுவுல கிளட்ச் கூடாது. எஞ்சின் தண்ணியில நின்னுட்டா சாவியைத் திருப்பவே திருப்பாதீங்க. உள்ள தண்ணி போயிருந்தா பிஸ்டன் அதை அமுக்க முடியாம கனெக்டிங் ராடே வளைஞ்சிடும். சாதாரண இன்சூரன்ஸ்ல இதுக்குப் பணம் வராது, எஞ்சினுக்குன்னு தனியா பாதுகாப்பு எடுத்திருக்கணும். கரையேறின உடனே பிரேக்கை நாலு தடவை தொட்டுத் தொட்டு விட்டு உலர்த்துங்க.

கேள்வி (திண்டுக்கல்): சேத்துல மாட்டினா இழுக்குறதுக்கு எந்தக் கயிறு வாங்கணும்?

கயிறைப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி கொக்கியைச் சொல்லிடுறேன். வண்டியோட அடிச்சட்டத்தோட (சேசிஸ்) சேத்து மாட்டின கொக்கியில மட்டும் கட்டுங்க. டிரெய்லர் மாட்டுற குண்டுல கட்டவே கூடாது. நான் கண்ணால பாத்தேன், இழுத்த வேகத்துல அந்தக் குண்டு பிடுங்கி வந்து பின்னால நின்ன ஜீப் கண்ணாடியைத் துளைச்சு டிரைவர் சீட்டுல குத்தி நின்னுச்சு. டிரைவர் அப்பத்தான் மம்பட்டி எடுக்க இறங்கியிருந்தார். கயிறு கட்டினா நடுவுல ஈரச்சாக்கைப் போடுங்க, அறுந்தாலும் துள்ளாது. கயிறு நீளத்துக்கு ஒண்ணரை மடங்கு தூரத்துக்கு யாரும் நிக்கக்கூடாது. நீளுற வகைக் கயிறுல கொஞ்சம் வேகமா இழுக்கலாம், இரும்புச் சங்கிலியில ஒருக்காலும் வெட்டி இழுக்காதீங்க.

பாதி நேரம் கயிறே வேண்டாம். டயர் ஒரு சுத்து வெட்டியாச் சுத்தினதுமே நிறுத்திட்டீங்கன்னா மம்பட்டியால டயருக்கு முன்னாடி மண்ணை வழிச்சு, கல்லும் குச்சியும் போட்டு வெளிய வந்துடலாம். அச்சு முழுகுற வரைக்கும் மிதிக்கிறவங்களுக்குத்தான் கயிறு. மழைக்காலத்துல எஸ்டேட் ஜீப் டயர்ல சங்கிலி சுத்தியிருக்கிறதைப் பாத்திருப்பீங்க, எங்களுக்கே அந்த மண்ணுல அது இல்லாம முடியாது.

கேள்வி (மதுரை): கொழுக்குமலைக்கு எங்க வண்டியிலயே போக முடியுமா?

முடியாது. இடம் தேனி மாவட்டம், ஆனா ஜீப் பாதை கேரளா சூரியநெல்லியில இருந்துதான். உள்ளூர் ஜீப்புலதான் போகணும். போறப்ப முன் சீட்டுல உக்காந்து டிரைவர் கையையும் காலையும் பாருங்க. கட்டை விரலை ஸ்டீயரிங்குக்குள்ள மடக்கிப் பிடிக்கவே மாட்டார், கல்லுல டயர் அடிச்சா ஸ்டீயரிங் வெட்டித் திரும்பி விரலை ஒடிச்சிடும். பத்து வகுப்புக்குச் சமம் அந்தப் பயணம்.

கேள்வி (கம்பம்): காட்டுப்பாதை, யானை, சட்டம் பத்திச் சொல்லுங்க.

காட்டுக்குள்ள அனுமதி இல்லாம வண்டி விடாதீங்க. மேகமலை 2021-ல் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூரோட சேந்து புலிகள் காப்பகம். அந்தப் பக்கம் கேரளாவுல பெரியாறும் புலிகள் காப்பகம். 1972-ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டத்துல வழக்குப் போடுவாங்க. ரோட்டை விட்டு ஒரு டயர்கூட இறக்க வேண்டாம். தோட்டத்துப் பாதைன்னா தோட்டத்துக்காரர் சம்மதம், அவ்வளவுதான்.

யானைக்கு எந்த எல்லையும் கிடையாது. 2023 மே மாசம் அரிக்கொம்பன் நம்ம கம்பம் டவுனுக்குள்ளயே வந்துச்சு, நீங்களும் பாத்திருப்பீங்க. எதிர்ல நின்னா தூரத்துலயே நிறுத்துங்க, ஹாரன் வேண்டாம், லைட்டை அடிச்சு அடிச்சு அணைக்க வேண்டாம், எஞ்சின் ஓடட்டும், வழி விட்டு மெதுவா பின்னால வாங்க. போட்டோவுக்கு இறங்காதீங்க.

கேள்வி (போடி): அண்ணா, எனக்கு வண்டி இல்லை. எங்கம்மா தினமும் போடிமெட்டு வழியா ஏலத்தோட்டத்துக்கு ஜீப்ல போறாங்க. டிரைவர் நல்லா ஓட்டுறவரான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நல்ல கேள்வி கேட்டீங்கம்மா. இத்தனை பேர் கேட்டதுல இதுதான் எனக்கு முக்கியம். விடியக்காலைல மலையேறுற ஜீப்புல இருக்கிறது நம்ம வீட்டு அம்மா, அக்காதான். முதல்ல ஆள் கணக்கு. பின்னாடி ஏணியில தொங்கிக்கிட்டுப் போற வண்டின்னா அம்மாவை ஏற வேண்டாம்னு சொல்லுங்க, ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை. பாரம் கூடக்கூட வண்டி குடை சாயும், பிரேக்கும் தாங்காது. டயர்ல கட்டை தேஞ்சிருக்கான்னு அம்மாவே கையை வச்சுப் பாக்கலாம். மழை நாள்ல, மோசமான இடத்துல, எல்லாரையும் இறக்கி நடக்க விட்டு வெறும் வண்டியை ஓட்டிட்டுப் போற டிரைவர்னா அவரை விட்டுடாதீங்க.

சாயங்காலம் இறங்கும்போது கவனிக்கச் சொல்லுங்க. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல விட்டா வண்டி சத்தமே இல்லாம ஓடும், பிரேக் தீஞ்ச வாடை வரும். கியர்ல இறக்குறவர் வண்டி வளைவுக்கு வளைவு உறுமிக்கிட்டே வரும். அந்தச் சத்தம் கேக்குதான்னு இன்னைக்கு ராத்திரி அம்மா வந்ததும் கேட்டுப் பாருங்க. இல்லைன்னா நாளைக்கே வேற ஜீப் மாத்தச் சொல்லுங்கம்மா.