சீல் உடைத்தபின் காலாவதி தேதியை நம்பலாமா?

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன் என் கண் சிவப்புக்கு டாக்டர் எழுதித் தந்த ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்து பாதி மீதி இருக்கிறது. காலாவதி தேதி அடுத்த வருடம். இப்போது மகளுக்கும் கண் சிவந்திருக்கிறது. அதையே விடலாமா?

பதில்: விடாதீர்கள். பாட்டிலில் அச்சிட்டிருக்கும் தேதி, சீல் உடைக்காமல், சொன்ன வெப்பநிலையில் வைத்திருக்கும் மருந்துக்கு மட்டும்தான். திறந்துவிட்டால், பெரும்பாலான கண் சொட்டு மருந்துகளுக்கு 28 நாள்தான் கெடு. மருந்து விடும்போது முனை இமையிலோ விரலிலோ பட்டுவிடுகிறது. கிருமி உள்ளே போகிறது. மருந்து தெளிவாக இருக்கிறது, வாடை இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தவிர, மகளின் கண் சிவப்பு வைரஸாலோ அலர்ஜியாலோ வந்திருக்கலாம். அதற்கு ஆன்டிபயாட்டிக் கேட்காது. டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கிருமி தடுக்கும் பொருள் சேர்க்காமல், கிருமி உள்ளே போகாதபடி தனி வால்வு வைத்த பாட்டில்கள் சில வருகின்றன. அவற்றில் சிலவற்றைத் திறந்த பிறகு மூன்று மாதம், ஆறு மாதம்கூட வைத்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில் அப்படி எழுதியிருந்தால் மட்டுமே. அதே கிருமி தடுக்கும் பொருள் இல்லாத மருந்து, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சின்னக் குப்பியிலும் வருகிறது. அதில் ஒரு சொட்டு மிஞ்சினாலும் மறுநாளுக்கு வைக்கக் கூடாது. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம். வால்வு பாட்டிலாகவே இருந்தாலும் ஒருவருக்குத் திறந்ததை இன்னொருவர் கண்ணில் விடக் கூடாது.

பொடியில் தண்ணீர் கலந்து தயாரிக்கும் ஆன்டிபயாட்டிக் சிரப்புக்குக் கெடு இன்னும் குறைவு: கலந்த பிறகு, மருந்தைப் பொறுத்துப் பெரும்பாலும் 7 முதல் 14 நாள்.

இவ்வளவு முக்கியமான விஷயத்தைப் பொடி எழுத்தில், பெட்டியோடு குப்பைக்குப் போகும் தாளில் ஒளித்து வைத்தால் யார் படிப்பார்கள்? ‘திறந்த தேதி’ எழுத லேபிளில் ஒரு கோடு விட்டால் என்ன குறைந்துவிடும்? அதற்குக்கூட மனம் வராத பாட்டில்கள்தான் அதிகம். நீங்களே பேனாவால் எழுதிவிடுங்கள்.

வாங்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். தேதி தாண்டிய சரக்கை அடிமாட்டு விலைக்கு வாங்கி, பழைய அச்சை அழித்துப் புதுத் தேதி குத்தி விற்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். பெட்டியில் ஒரு தேதி, பாட்டிலில் வேறு தேதி என்றால் வாங்காதீர்கள். தேதி மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும், அச்சு கலங்கியிருந்தாலும் வாங்காதீர்கள். மாத்திரை அட்டையில் தேதி ஒரு ஓரத்தில்தான் இருக்கும். அந்த ஓரத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை நீட்டினால் முழு அட்டையைக் கேளுங்கள். மாதமும் வருடமும் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை கணக்கு. ‘தேதி தாண்டி ஒரு மாதம் ஓடும், தள்ளுபடி தருகிறேன்’ என்று யாராவது சொன்னால், அந்தக் கடையில் வேறெந்த மருந்தும் வாங்க வேண்டாம்.