வெயில் ஒன்று, வெப்பம் நான்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வெப்ப அலை பற்றிய அறிவிப்புகளில் கடற்கரை, பள்ளத்தாக்கு, மலை, பாலைவனம் என்று பிரித்துத் தனித்தனியாக வெப்பநிலை சொல்கிறார்கள். வெயில் எல்லா இடத்துக்கும் ஒன்றுதானே? மலையில் 32 டிகிரிக்கே எச்சரிக்கும்போது, பாலைவனத்தில் 42 டிகிரியை இயல்பு என்று விட்டுவிடுவது என்ன நியாயம்?

பதில்: வெயில் ஒன்றுதான், அதை வாங்கிக்கொள்ளும் நிலமும் காற்றும்தான் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. வெப்ப அலையின்போது வானத்தின் உயரத்தில் ஓர் உயர் அழுத்த மண்டலம் நாள்கணக்கில் நகராமல் நிற்கும். அதனுள் காற்று மேலிருந்து கீழ்நோக்கி இறங்கும். இறங்கும் காற்று அழுத்தப்படுவதால், சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதுபோல, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் வீதம் அது சூடேறுகிறது. மேகம் திரள வழியில்லை. வெயில் தடையின்றி மண்ணில் விழுகிறது. முதல் ஓரிரு நாள்களில் அந்த வெப்பத்தின் ஒரு பகுதி மண்ணின் ஈரத்தை ஆவியாக்குவதில் செலவாகிவிடும். ஈரம் வற்றிய பிறகு அந்தப் பங்கும் காற்றையே சூடாக்குவதால், நான்காம் நாள் பெரும்பாலும் முதல் நாளைவிடக் கடுமையாக இருக்கிறது.

இனி நிலத்துக்கு வருவோம். கடல் மெதுவாகச் சூடாகும் என்பதால் பகலில் கரையை நோக்கி வீசும் கடற்காற்று கடற்கரையைக் காக்கிறது. சில கிலோமீட்டர் உள்ளே, மலைகளால் சூழப்பட்ட பள்ளத்தாக்கில் அந்தக் காற்று நுழைவதற்கு வழியில்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டம் பசிபிக் கடலோரத்தில்தான் இருக்கிறது; ஆனாலும் மலைத்தொடருக்கு அப்பால், சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கிலுள்ள உட்லண்ட் ஹில்ஸில் 2020 செப்டம்பர் 6 அன்று 49.4 டிகிரி பதிவானது. பாலைவனமும் பள்ளத்தாக்கும் ஒன்றாகச் சேர்ந்த இடம் கலிஃபோர்னியாவின் டெத் வேலி. அதன் தாழ்ந்த பகுதி கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கிறது. செடிகொடியற்ற தரையில் சூடாகி மேலெழும் காற்று, செங்குத்தான மலைச்சுவர்களைத் தாண்ட முடியாமல் மீண்டும் கீழிறங்கி மேலும் சூடேறும். 1913 ஜூலை 10 அன்று அங்கே பதிவான 56.7 டிகிரிதான் இன்றுவரை உலகின் அதிகாரப்பூர்வமான உச்சம். அந்த அளவீட்டை ஐயுறும் வானிலை அறிஞர்களும் உண்டு.

நியாயம் பற்றிய உங்கள் கேள்விதான் முக்கியமானது. இந்திய வானிலை ஆய்வுத் துறை, வெப்ப அலை என்று கருதத் தொடங்குவதற்கே சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37, மலைப்பகுதியில் 30 என்று வெவ்வேறு வரம்புகளை வைத்திருக்கிறது. அத்துடன் அந்த இடத்தின் இயல்பான அளவைவிட எத்தனை டிகிரி கூடியிருக்கிறது என்பதையும் பார்க்கிறது. நம் உடல் ஒரு வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். வீடுகளோ பழகுவதே இல்லை. குளிருக்காகக் கட்டிய வீடு குளிருக்கான வீடாகவே இருக்கும். 2021 ஜூன் இறுதியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், மலைகளுக்கு நடுவிலுள்ள லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி பதிவானது. மறுநாளே காட்டுத்தீ அவ்வூரின் பெரும்பகுதியை அழித்தது. அந்த அலையில் மாகாணம் முழுவதும் 619 பேர் வெப்பத்தால் இறந்ததாக மரண விசாரணைத் துறை கண்டறிந்தது. அவர்களில் 98 சதவீதத்தினர் கட்டடங்களுக்குள்ளேயே பாதிக்கப்பட்டவர்கள். மூன்றில் இரண்டு பங்கினர் 70 வயதை எட்டியவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் தனியாக வாழ்ந்தவர்கள். வெயிலில் அலைந்தவர்களைவிட, கதவைச் சாத்திக்கொண்டு தங்கள் அறையில் உட்கார்ந்திருந்தவர்களே பெரும்பாலும் இறந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. மலைக்கும் கடற்கரைக்கும் வரம்பு ஏன் தாழ்த்தி வைக்கப்படுகிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

கேள்வி: நாங்கள் கடலோரத்தில் வசிக்கிறோம். வெப்பமானி 35 டிகிரியைத் தாண்டுவதே அரிது. அப்படியிருக்க, உள்நாட்டில் 42 டிகிரியில் இருப்பவர்களைவிட நாங்கள் பாதுகாப்பாகத்தானே இருக்கிறோம்?

பதில்: அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. உடல் தன்னைக் குளிர்விப்பது வியர்வை சுரப்பதால் அல்ல, சுரந்த வியர்வை ஆவியாவதால்தான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடலைவிட்டு வெளியேறும். அதே ஒரு லிட்டர் முதுகில் வழிந்து சட்டையை நனைத்துத் தரையில் சொட்டினால், உடலின் நீரும் உப்பும் போனதைத் தவிரப் பயன் ஏதுமில்லை. கடலோரப் புழுக்கத்தில் நடப்பது இதுதான். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு, அதாவது ஈரக்குமிழ் வெப்பநிலை, 35 டிகிரியை எட்டினால் நல்ல உடல்நிலையில் உள்ளவர்கூட நிழலில் அமர்ந்தபடி சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்பது நெடுநாள் கணக்கு. உடல் அதற்குச் சில டிகிரி முன்னதாகவே திணறத் தொடங்குவதை அண்மைக் காலச் சோதனைகள் காட்டியுள்ளன.

கடற்காற்றையும் எப்போதும் நம்பியிருக்க இயலாது. காற்று திசைமாறி, உள்நாட்டுப் பாலை நிலத்திலிருந்து மலையிறங்கிக் கடலை நோக்கி வீசும் நாள்களில், இறங்கும்போதே சூடேறிக் கரையை வந்தடைகிறது. பசிபிக் கரையிலுள்ள சான் டியேகோவில் 1963 செப்டம்பர் 26 அன்று 43.9 டிகிரி பதிவானது அவ்வாறான காற்றால்தான்.

கேள்வி: பாலைவனத்தில் பகல் எவ்வளவு சுட்டாலும் இரவு குளிர்ந்துவிடும் என்பது உண்மையா?

பதில்: திறந்த பாலைவனத்தில் பெரும்பாலும் உண்மை. ஈரமும் மேகமும் இல்லாத வானத்தின் வழியே நிலத்தின் வெப்பம் விரைவில் வெளியேறிவிடும். பாலைவனத்தில் எழுப்பிய நகரத்துக்கு இது பொருந்தாது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள்கள் பகல் வெப்பம் 43.3 டிகிரிக்குக் குறையவில்லை. அதே காலத்தில் தொடர்ந்து 16 இரவுகள் 32.2 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. பகலெல்லாம் வெப்பத்தை உண்ட தாரும் காங்கிரீட்டும் இரவு முழுவதும் அதைக் கக்குகின்றன. மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையின் உட்கூரையை நள்ளிரவில் தொட்டுப் பார்த்தால் இது விளங்கும். பகலில் களைத்த இதயம் ஓய்வெடுப்பது இரவில்தான் என்பதால், வெப்ப அலையில் நான் முதலில் பார்ப்பது இரவின் குறைந்தபட்ச அளவைத்தான்.

கேள்வி: வெப்ப அலைக்குத் தப்ப மலைக்குச் செல்வது நல்ல யோசனையா?

பதில்: செல்லலாம், 1,000 மீட்டர் ஏறினால் பொதுவாக ஆறேழு டிகிரி குறையும். ஆனால் அதே உயரத்துக்குப் புற ஊதாக் கதிர்வீச்சு ஏறத்தாழ 10 சதவீதம் கூடும்; ஏற்றத்தில் நடப்பதே உடலைச் சூடாக்கும். பனிமலையாக இருந்தால், வெயிலில் பனி உருகி ஆறுகள் பெருக்கெடுத்து ஓடும். சுடும் உடலோடு அந்தக் குளிர்நீரில் குதிப்பது உயிருக்கு ஆபத்து.

கேள்வி: வெப்பத்தால் ஒருவர் ஆபத்தான நிலையை அடைந்துவிட்டார் என்பதை எப்படி அறிவது? மின்விசிறி போதுமா?

பதில்: தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு ஆகியவை முதல் எச்சரிக்கைகள், நிழலும் ஓய்வும் நீரும் அப்போது போதுமானவை. பேச்சு குழறினாலோ, ஆளும் இடமும் தெரியாமல் குழம்பினாலோ, நினைவு தப்பினாலோ அது வெப்பவாதம். உடலின் உள்வெப்பம் பெரும்பாலும் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்க்கிறதே என்று தயங்க வேண்டாம். உழைக்கும்போது வெப்பவாதம் கண்டவர்களுக்கு வியர்வை நிற்காமலும் இருக்கலாம். அவசர ஊர்தியை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல், ஆடைகளைத் தளர்த்தி உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் பனிக்கட்டிப் பைகளை வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் நீர் ஊற்றக் கூடாது.

மின்விசிறியைப் பொறுத்தவரை, அறையின் வெப்பம் 40 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை அது துணை; அதற்கு மேல் அது சூடான காற்றை உடலின் மீது தள்ளும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெப்பவாதத்தைக் காய்ச்சல் என்று எண்ணிப் பாராசிட்டமால் கொடுப்பவர்கள் உண்டு. காய்ச்சலில் மூளையே உடலின் வெப்பத்தை உயர்த்தி வைக்கிறது, மாத்திரை அதைத் திருத்துகிறது. வெப்பவாதத்தில் வெப்பம் வெளியிலிருந்தும் உழைப்பிலிருந்தும் சேர்ந்தது என்பதால் அந்த மாத்திரையால் அது இறங்காது.